வரப்பு இருக்கச் சேற்றில் நடந்தவர்கள்: மீகாங் கழிமுகப் போரின் பழைய படச்சுருள்கள்

வியட்நாம் போரின் பழைய படச்சுருள்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். நடவு முடிந்த வயல். பத்துப் பதினைந்து அமெரிக்கச் சிப்பாய்கள் ஒருவர் பின் ஒருவராக, நல்ல இடைவெளி விட்டு நடக்கிறார்கள். முழங்கால் வரை சேறு, சில இடங்களில் இடுப்பு வரை. துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் காலை உருவ முடியாமல் நின்றுவிட, பின்னால் வருபவர் கை கொடுத்து இழுக்கிறார். அவர்களுக்கு நாலடி தள்ளி, காய்ந்து கெட்டிப்பட்ட வரப்பு ஒன்று நேராகப் போகிறது. அதில் ஒருவர்கூட ஏறவில்லை.

வயலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று கண்ணில் படும். வரப்பு இருக்க எதற்காகச் சேற்றில் இறங்க வேண்டும்? ஏனென்றால் கண்ணி இருந்தது வரப்பில்தான். தகர டப்பாவுக்குள் செருகிய கையெறிகுண்டு, அதிலிருந்து குறுக்கே ஓடும் மெல்லிய கம்பி, இலை மூடிய குழிக்குள் கூராகச் சீவிய மூங்கில். நடக்க வசதியான இடத்தில்தான் ஆள் நடப்பான், அங்கேதான் அதைக் கொரில்லாக்கள் வைப்பார்கள். ஆகவே நடக்க முடியாத இடம் எதுவோ அது பாதுகாப்பான இடமாக இருந்தது. இதைப் படத்தில் யாரும் விளக்குவதில்லை. அந்தச் சுருள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒலியே கிடையாது.

இப்போது இணையத்தில் இந்தச் சுருள்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. சீறிப் பாயும் பச்சை நிற ரோந்துப் படகு, கரையை நோக்கிச் சுடும் இரட்டைத் துப்பாக்கி, தண்ணீரில் குதிக்கும் காலாட்படை. பார்க்கப் பரபரப்பாக இருக்கும். ஆனால் அந்த ஆறுகளில் நடந்த போர் பெரும்பாலும் அப்படி இருக்கவில்லை. கேமராவால் எதை எடுக்க முடிந்ததோ, எதை எடுக்கச் சொன்னார்களோ, அதுதான் மிஞ்சியிருக்கிறது. காட்சியின் ஓரத்தில் தற்செயலாகப் பதிந்தவற்றையும் சேர்த்துப் பார்க்கப் பழகினால்தான் அந்தப் போர் பிடிபடும்.

முதலில், யார் எடுத்தது என்று தெரிந்துகொள்வோம். பெரும்பகுதியை எடுத்தது பத்திரிகையாளர்கள் அல்ல, ராணுவமேதான். அமெரிக்கத் தரைப்படை 1962-ல் தனியாக ஒரு சிறப்புப் படப்பிடிப்பு அலுவலகத்தைத் தொடங்கியது. டாஸ்போ என்பது அதன் சுருக்கப் பெயர். ஹவாயிலிருந்து அதன் சிறு குழுக்கள் மூன்று மாதத் தவணையில் வியட்நாமுக்குப் போய்வந்தன. 221-வது சிக்னல் கம்பெனி போல அங்கேயே தங்கி எடுத்த பிரிவுகளும் உண்டு. கடற்படைக்கும் சொந்தப் படப்பிடிப்பாளர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் 16 மி.மீ. வண்ணப் படம். இவையெல்லாம் இன்று மேரிலாந்து மாநிலம் காலேஜ் பார்க்கில் உள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தரைப்படைச் சுருள்கள் 111 என்ற எண்ணுள்ள தொகுதியிலும், கடற்படைச் சுருள்கள் 428-லும் வரும். அரசு ஊழியர் பணியில் இருக்கும்போது எடுத்த படத்துக்கு அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிப் பயன்படுத்தலாம். ஒரே படகு ஒரே வளைவில் திரும்பும் காட்சியை வெவ்வேறு ஆவணப்படங்களில் நீங்கள் பார்த்திருந்தால் காரணம் இதுதான்.

அடுத்தது சுருளின் நீளம். கையில் தூக்கிப்போகும் 16 மி.மீ. கேமராவில் போடும் சிறிய சுருள் 100 அடி. நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) என்று ஓடினால் இரண்டே முக்கால் நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் வெயிலிலும் மழையிலும் சேற்றில் நின்றபடி வேறு சுருள் மாற்ற வேண்டும். மாற்றும்போது கொஞ்சம் வெளிச்சம் உள்ளே புகுந்துவிட்டால் காட்சியின் தொடக்கமும் முடிவும் ஆரஞ்சு நிறத்தில் பொசுங்கினாற்போலத் தெரியும். இப்படிச் சிக்கனமாக இருக்க வேண்டிய ஒருவர் எதைப் படம் பிடிப்பார்? காத்திருப்பதையா? ரோந்து என்பது பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை. அதில் ஒன்றுமே நடக்காத நேரம்தான் மிக அதிகம். அந்த நேரம் படத்தில் இல்லை. படகு வேகமெடுக்கும் நிமிடம், ஆட்கள் குதிக்கும் நிமிடம், துப்பாக்கி வெடிக்கும் நிமிடம் மட்டும் இருக்கின்றன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும்போது போர் முழுக்க அப்படியே இருந்தது போன்ற மயக்கம் வந்துவிடுகிறது.

ஒலி இன்னொரு மயக்கம். ஊமைச் சுருள்களுக்குப் பிற்பாடு யாரோ ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்து துப்பாக்கிச் சத்தமும் எஞ்சின் உறுமலும் பறவைக் கூச்சலும் சேர்க்கிறார்கள். படத்தில் இருப்பது ஒரு துப்பாக்கி, காதில் விழுவது வேறொன்று. என் அனுபவத்தில், ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கும்போதுதான் முகங்கள் தெரிய ஆரம்பிக்கின்றன.

சரி, இடத்துக்கு வருவோம். வெளியுலகம் ‘காட்டுப் போர்’ என்று சொல்லிப் பழகிவிட்டாலும் மீகாங் கழிமுகம் அடர்காடு அல்ல. திபெத் பீடபூமியில் தொடங்கி ஆறு நாடுகளைத் தொட்டுவரும் ஆறு, கடலைச் சேரும் முன் விரல்களாகப் பிரிகிறது. வியட்நாமியர் அதை ஒன்பது டிராகன்கள் என்பார்கள். சுமார் 40,000 சதுர கிலோமீட்டர் வண்டல் நிலம். நெல் வயல், தென்னந்தோப்பு, வாய்க்கால் ஓரமெல்லாம் நெருங்கி நிற்கும் நிப்பா பனை, கடற்கரையை ஒட்டி அலையாத்திக் காடு. பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு அந்த அலையாத்திக் காட்டின் உட்புறம் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரியும். பத்தடி தள்ளி ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தென்வியட்நாமின் தலைநகரான சைகோனிலிருந்து தெற்கே போக உருப்படியான சாலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, 4-ஆம் எண் நெடுஞ்சாலை. அதுவும் பெரிய ஆறு குறுக்கிடும் இடங்களில் நின்றுவிடும். வண்டியைப் பெரிய படகில் ஏற்றித்தான் அக்கரை சேர வேண்டும். மற்றபடி நெல் போவது, பிணம் போவது, கல்யாண ஊர்வலம் போவது எல்லாம் தண்ணீரில்தான். ஆயுதமும் அப்படித்தான் போனது.

படச்சுருளில் வானிலிருந்து எடுத்த காட்சி வந்தால் கவனியுங்கள். வளைந்து நெளியும் ஆறுகளுக்கு நடுவே அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேரான வாய்க்கால்கள் தெரியும். வின் தே வாய்க்கால் போல 1819 முதல் 1824 வரை வியட்நாம் அரசர்கள் காலத்தில் ஆட்களைக் கொண்டு கையால் வெட்டியவை சில. பெரும்பாலானவை பிரெஞ்சுக்காரர்கள் தூர்வாரும் கப்பல்களை வைத்து வெட்டியவை. சதுப்பு நிலம் வடிந்து வயலானது. அந்த வயல் பெரும் பண்ணையார்கள் கைக்குப் போனது. உழுதவர் விளைச்சலில் பாதியளவுக்குக் குத்தகையாகக் கொடுத்தார். இதில் நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. நெல் சாகுபடி விரிய விரியக் கடன் தேவைப்பட்டது. அந்தக் கடனைக் கொடுத்தவர்களில் சைகோனில் கடை போட்டிருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முக்கியமானவர்கள். அவர்கள் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் அந்த நகரத்தில் இன்றும் இருக்கிறது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடனும் வட்டியும் நிலமும் பெரிய பிரச்சினையாயின. நிலம் இல்லாத குத்தகைக்காரரின் அந்தக் கோபத்திலிருந்துதான் பிற்காலத்துக் கொரில்லாப் படைக்கு ஆள் கிடைத்தது. 1967-ல் எடுத்த ஒரு சுருளில் தெரியும் நேரான வாய்க்காலுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

ஆற்றில் படகு விட்டு போர் நடத்துவதை அமெரிக்கர்கள் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் திரும்பி வந்த பிரெஞ்சுப் படை, கரையில் படையை இறக்கும் தரையிறங்கு படகுகளுக்கு இரும்புத் தகடு போர்த்தி, ‘தினாசோ’ என்ற பெயரில் ஆற்றுத் தாக்குதல் பிரிவுகளை நடத்தியது. பிரெஞ்சு ராணுவத்தின் திரைப்படப் பிரிவு அதைக் கறுப்பு வெள்ளையில் ஏராளமாகப் படம் எடுத்தது. அந்தக் காலப் படகுகள் சில தென்வியட்நாம் கடற்படையிடம் தங்கிவிட்டதால், அமெரிக்க வண்ணச் சுருள்களிலும் அவை தலைகாட்டும்.

அமெரிக்கக் கடற்படை உள்ளே வரக் காரணமான சம்பவம் 1965 பிப்ரவரி 16-ல் நடந்தது. வுங் ரோ என்ற வளைகுடாவில், மரக்கிளைகளால் மறைத்து ஒரு கப்பல் நிற்பதை ஹெலிகாப்டர் விமானி ஒருவர் பார்த்தார். வடவியட்நாமிலிருந்து கொரில்லாக்களுக்கு ஆயுதம் ஏற்றிவந்த கப்பல் அது. அதற்கடுத்த மாதமே கடலோரக் காவல் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் உள்நாட்டு ஆறுகளுக்கென்று ‘கேம் வார்டன்’ என்ற நடவடிக்கை. நாம் படங்களில் பார்க்கும் அந்தப் பச்சைப் படகுகள் 1966 மார்ச்சில் வந்து சேர்ந்தன.

அந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் பி.பி.ஆர். நீளம் 31 அடி, கண்ணாடியிழை உடல். தண்ணீருக்குள் சுழலும் விசிறி கிடையாது; அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சியடிக்கும் பம்புதான் அதை ஓட்டியது. குளியல் தொட்டிக்குப் பேர்போன ஜக்கூஸி நிறுவனத்தின் பம்பு அது. விசிறி இல்லாததால் ஆகாயத்தாமரையும் வலையும் சுற்றிக்கொள்ளும் தொல்லை குறைவு. நிற்கும்போது இரண்டடித் தண்ணீர் வேண்டும். வேகமெடுத்து எழும்பிவிட்டால் முக்கால் அடி போதும். முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே கிட்டத்தட்ட நின்ற இடத்தில் முழுதாகத் திரும்பும். படங்களில் அடிக்கடி வரும் அந்த அரைவட்டத் திருப்பம் இதனால்தான். முன்பக்கத் தொட்டியில் இரட்டை இயந்திரத் துப்பாக்கி, பின்னால் இன்னொன்று. ஆள் நாலே பேர். பெரும்பாலும் இருபது வயதுப் பையன்கள். ஆனால் கண்ணாடியிழை குண்டைத் தடுக்காது. அந்தப் படகின் பாதுகாப்பு அதன் வேகம் மட்டும்தான். வேகம் எடுக்க இடமில்லாத குறுகிய வாய்க்காலில் அதுவும் இல்லை.

இரண்டிரண்டு படகாகப் போனார்கள். நடு ஆற்றில் போவார்கள். எதிரே வரும் சாம்பான்களை, அதாவது ஊர்மக்களின் சிறு மரப்படகுகளை, கை காட்டி நிறுத்துவார்கள். படகிலேயே இருக்கும் வியட்நாமிய போலீஸ்காரர் அடையாளச் சீட்டை வாங்கிப் பார்ப்பார். மீன்கூடையைக் கிளறுவார்கள், நெல் மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள், பலகையைத் தூக்கி அடியில் பார்ப்பார்கள். ஒன்றும் இருக்காது. அடுத்த சாம்பான். இப்படி இலட்சக்கணக்கான படகுகளைச் சோதித்தார்கள். ஆற்றுப் போரின் நிஜமான பகல் வேலை இதுதான்.

நல்ல வேளையாக இதைக் கொஞ்சம் படம் எடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் மொத்தச் சுருள்களிலும் மிக மதிப்புள்ள பகுதி அதுதான், ஆவணப்படங்களில் முதலில் வெட்டி எறியப்படுவதும் அதுதான். ஒரு நடுத்தர வயதுப் பெண் சாம்பானின் முனையில் குந்தியிருக்கிறார். பேரக்குழந்தையாக இருக்கும், மடியில் ஒன்று. இளைஞன் ஒருவன் துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்தபடி கூடையை எட்டிப் பார்க்கிறான். அந்தப் பெண் அவனைப் பார்ப்பதில்லை, கேமராவையும் பார்ப்பதில்லை. படகு ஆடாமல் இருக்க ஒரு கையால் ரோந்துப் படகின் விளிம்பைப் பிடித்திருக்கிறார். சீட்டு திரும்பி வந்ததும் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு துடுப்பை எடுக்கிறார். அவருடைய சந்தை நேரம் போய்விட்டது. இருபது நொடிக் காட்சி. அந்த ஊர் மக்கள் இந்தப் போரை எப்படி அனுபவித்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சுருள் எதையும் நான் பார்க்கவில்லை.

நிஜமான இரவு வேலை படத்தில் அநேகமாக இல்லவே இல்லை. அந்தக் காலத்துப் படச்சுருளுக்கு நல்ல வெயில் வேண்டும். போரோ இருட்டிய பிறகுதான் சூடுபிடிக்கும். இரவில் ஆற்றில் ஊரடங்கு. அசையும் படகு எதுவானாலும் எதிரி என்றே கணக்கு. ரோந்துப் படகு எஞ்சினை அணைத்துவிட்டு நீரோட்டத்தில் மிதக்கும், அல்லது கரையோரம் செடிகளுக்குள் நுழைந்து பதுங்கியிருக்கும். மறுபக்கத்தார் கடக்கப் பார்ப்பதும் அந்த நேரத்தில்தான். விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேரக் கிளம்பிவிட்ட மீனவர் குடும்பமும் அந்தக் கணக்கில் எதிரிதான். இப்படி எத்தனை பேர் போனார்கள் என்பதற்கு எந்தச் சுருளும் சாட்சி சொல்லாது.

காலாட்படை ஆற்றுக்கு வந்தது 1967-ல். தரைப்படையின் 9-வது டிவிஷனில் ஒரு பிரிகேடும் கடற்படையும் சேர்ந்து நடமாடும் ஆற்றுப் படை ஒன்றை அமைத்தன. மி தோ நகரத்துக்குப் பக்கத்தில் டோங் தாம் என்ற இடத்தில் தளம். அங்கே கட்டுவதற்கு நிலமே இல்லை. ஆற்று மணலை உறிஞ்சி வயல் மேல் கொட்டித்தான் நிலத்தை உருவாக்கினார்கள். அந்த வேலையில் இருந்த ஜமைக்கா பே என்ற பிரம்மாண்டமான தூர்வாரும் கப்பலை 1967 ஜனவரியில் கொரில்லா நீச்சல் வீரர்கள் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். தளத்தில் எல்லோருக்கும் இடம் போதாததால் சிப்பாய்கள் பெரிய தங்கும் கப்பல்களில் குடியிருந்தார்கள். பெனேவா, கொலெட்டன் என்ற பெயர்களைச் சுருள்களின் குறிப்புத் தாள்களில் பார்க்கலாம். அங்கிருந்து டாங்கோ எனப்பட்ட கவசப் படகுகளில் ஏறிப் போவார்கள். பழைய தரையிறங்கு படகைச் சுற்றி இரும்புக் கம்பிகளை வரிசையாக அடித்து மாற்றியது அது. ராக்கெட் குண்டு படகின் உடலில் படும் முன் கம்பியில் பட்டு வெடிக்கட்டும் என்பதற்காக. ஒரு பிளாட்டூன், அதாவது ஒரு சிறு படைப்பிரிவு, ஏறும். வேகம் சைக்கிள் வேகம்தான்.

இங்கே ஓதத்தைப் பற்றித் தெரியாமல் படம் புரியாது. கிழக்கே உள்ள தென்சீனக் கடலின் ஓதம் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். கடலுக்கு அருகில் மூன்று மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். நீர் ஏறியிருக்கும்போது படகிலிருந்து வயல் தெரியும். இறங்கிவிட்டால் படகு பள்ளத்தில் போகும், இரு பக்கமும் வழுக்கும் சேற்றுச் சுவர், மேலே என்ன இருக்கிறது என்றே தெரியாது. சிப்பாய்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் கரையேறும் காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அது பயிற்சிக் குறைவல்ல, நீர் இறங்கிய நேரம். கொரில்லாக்களுக்கு அந்த ஓத அட்டவணை உள்ளங்கை ரேகை போல. படகு திரும்பி வரும் நேரமும், வரக்கூடிய ஒரே வழியும் அவர்களுக்குத் தெரியும்.

1967 செப்டம்பர் 15-ல் ராச் பா ராய் என்ற ஓடையில் இதுதான் நடந்தது. அதன் ஒரு வளைவுக்கு அமெரிக்கர்கள் ஸ்னூப்பியின் மூக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். படகு வரிசை அந்த வளைவுக்குள் நுழைந்ததும் இரு கரையிலிருந்தும் ராக்கெட்டுகள் பாய்ந்தன. பதுங்குகுழிகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தோண்டி வைத்திருந்தார்கள். படகுகள் பின்வாங்கி, அடிபட்டவர்களை இறக்கிவிட்டு, மறுபடியும் அதே வளைவுக்குள் போய்ச் சிப்பாய்களை இறக்கின. இப்படிப்பட்ட நேரத்தில் கேமரா வைத்திருப்பவர் என்ன செய்வார்? படகின் தரையில் குப்புறப் படுப்பார். ஆகவே நிஜச் சண்டையின் சுருள் என்றால் அது கோணலாக, ஆடிக்கொண்டு, பாதிச் சட்டத்தில் இரும்புத் தகடும் மீதியில் வானமுமாக இருக்கும். எதிரி தெரியவே மாட்டார். பச்சை மட்டும் தெரியும்.

இதிலிருந்து எளிய சோதனை ஒன்று கிடைக்கிறது. படகு கரையை நோக்கிச் சுடுகிறது, கேமரா கரையில் நின்று படகின் முகத்தை எடுக்கிறது என்றால் அந்தக் கரையில் எதிரி இல்லை. அது செய்துகாட்டிய காட்சி. அதைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. துப்பாக்கி எப்படி இயங்கியது, ஆள் எங்கே நின்றார் என்றெல்லாம் அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஆனால் ‘பதுங்கித் தாக்குதலுக்குப் பதிலடி’ என்று தலைப்புப் போட்டு அதை ஓட்டினால் நம்ப வேண்டாம்.

கேமராவின் ஆசையைக் காட்ட மிதவை வண்டிகளைச் சொல்லலாம். காற்று மெத்தையில் தண்ணீர் மேலும் சேற்றின் மேலும் ஒரே போல ஓடும் ஹோவர்கிராஃப்ட்டுகள். கடற்படையிடம் மூன்று, பின்னாளில் தரைப்படையிடம் மூன்று. அவ்வளவுதான் மொத்தமே. முன்புறத்தில் கோரைப் பற்கள் வரைந்திருப்பார்கள். 1966 கடைசியில் நாணல் சமவெளி என்ற சதுப்புப் பகுதியில் அவை சீறிப் பாய்ந்ததை ஆசை ஆசையாகப் படம் எடுத்தார்கள். ஆனால் அதன் இரைச்சல் வெகு தூரத்துக்கு முன்பே ஊரை எழுப்பிவிடும், பராமரிப்புச் செலவு தாங்காது. ஆற்றுப் போரின் போக்கை அவை மாற்றவில்லை. சுருள்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அவைதான் போரை நடத்தின என்று தோன்றும்.

காலாட்படையின் பெரிய எதிரி பல நாட்களில் அவர்களுடைய கால்தான். தொடர்ந்து நாற்பத்தெட்டு மணி நேரம் நீரில் ஊறினால் தோல் வெளுத்து, சுருங்கி, உரிந்து, பூஞ்சை பிடித்து நடக்க முடியாமல் போகும். அதனால் இரண்டு நாள் வயலில் இருந்தால் பிறகு கப்பலுக்குத் திரும்பிக் காலை உலர்த்த வேண்டும் என்று நடவடிக்கைகளையே அதற்கேற்ப அமைத்தார்கள். கப்பல் தளத்தில் செருப்பில்லாமல் வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் சிப்பாய்களின் காட்சி வந்தால் அது ஓய்வுநேரச் சிரிப்புக் காட்சி அல்ல, மருத்துவ உத்தரவு.

மரங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சைகோனுக்கும் கடலுக்கும் நடுவே ருங் சாட் என்ற அலையாத்திக் காடு. தலைநகருக்குச் சரக்குக் கப்பல் போகும் லாங் தாவ் ஆறு அதன் நடுவே போகிறது. 1966 ஆகஸ்டில் பேட்டன் ரூஜ் விக்டரி என்ற சரக்குக் கப்பல் அங்கே கண்ணிவெடியில் சிக்கி ஏழு பேர் இறந்தார்கள். பதுங்க இடமில்லாமல் செய்யக் கரையோரத்தில் இலையுதிர்க்கும் நஞ்சை விமானத்திலிருந்து தெளித்தார்கள். 1962 முதல் 1971 வரை தென்வியட்நாம் முழுவதும் தெளித்த நஞ்சுகள் ஏழு கோடி லிட்டருக்கும் மேல்; அதில் பெரும்பகுதி டயாக்சின் என்ற கொடிய வேதிப்பொருள் கலந்த ஏஜென்ட் ஆரஞ்ச். 1966-ல் எடுத்த சுருளில் அதே ஆற்றின் கரை பச்சைச் சுவராக இருக்கும். சில ஆண்டுகள் கழித்து எடுத்ததில் சாம்பல் நிறக் குச்சிகளும் பிளந்த சேறும். படகில் நிற்பவர்கள் சட்டையில்லாமல், அந்தத் தண்ணீரையே வாளியில் மொண்டு குளித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

1968 செப்டம்பரில் வியட்நாமில் அமெரிக்கக் கடற்படைத் தளபதியாகப் பொறுப்பேற்ற அட்மிரல் எல்மோ சும்வால்ட், தன் ஆட்களின் உயிரிழப்பைக் குறைக்கவே கரையோரங்களில் இந்த நஞ்சைப் பயன்படுத்தச் செய்தார். அவருடைய மகன், அதே பெயர் கொண்டவர், அந்த ஆறுகளில் ஸ்விஃப்ட் என்ற வேக ரோந்துப் படகின் தலைவராக இருந்தார். 1988-ல் 42 வயதில் புற்றுநோயில் இறந்தார். அந்த நஞ்சுதான் காரணம் என்று தந்தையும் மகனும் நம்பினார்கள். தந்தை தன் மீதி வாழ்நாளில் பெரும்பகுதியை ஏஜென்ட் ஆரஞ்சால் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கு நிவாரணம் பெற்றுத் தருவதில் செலவிட்டார். கரையில் இருந்த குடும்பங்களுக்கு அப்படி வாதாட யாரும் அப்போது இல்லை. அந்தக் காட்டை 1978-லிருந்து மக்கள் கையால் கன்று நட்டு மீட்டார்கள். கான் ஜோ என்ற பெயரில் அது 2000-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது.

மறுபக்கத்தின் கண் எங்கே? இருந்தது, ஆனால் மிகச் சிறியது. தெற்கில் கொரில்லாக்களின் அமைப்பான விடுதலை முன்னணிக்குச் சொந்தப் படப்பிடிப்புக் குழுக்கள் இருந்தன. படச்சுருள் கிடைப்பதே அபூர்வம். கேமராவும் படம் கழுவும் மருந்தும் துப்பாக்கியோடு சேர்ந்து தோளில் வந்தன. அமெரிக்கரின் இரண்டே முக்கால் நிமிடம் வறுமையென்றால் இவர்களுடையது பட்டினி. கா மாவ் தீபகற்பத்தின் அலையாத்திக் காட்டில் 1970 செப்டம்பரில் வோ அன் கான் என்ற புகைப்படக்காரர் எடுத்த ஒரு படம் பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. முழங்கால் ஆழத் தண்ணீரில் மருத்துவர்கள் நிற்கிறார்கள், கொசுவலைத் துணி கட்டியிருக்கிறது, காயம்பட்ட ஒருவரை அறுவைச் சிகிச்சைக்குத் தூக்கி வருகிறார்கள். அவருக்கு அது தினமும் காணும் காட்சி. விசேஷமில்லை என்று நினைத்து அவர் அதை அச்சுப் போடவே இல்லை. ரோந்துப் படகுச் சுருள்களில் ‘பச்சை மட்டும்’ தெரிகிறதே, அந்தப் பச்சைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இந்த ஒற்றைப் படம் காட்டுகிறது.

இன்னொரு வகைச் சுருளும் உண்டு. 1965-ல் சூப்பர் 8 கேமரா வந்தது. சிப்பாய்களே வாங்கிக்கொண்டு போனார்கள். பிற்காலத்தில் அரசியல்வாதியான ஜான் கெர்ரி ஸ்விஃப்ட் படகில் இருந்தபோது இப்படிச் சிறிய கேமராவில் எடுத்தவர்களில் ஒருவர். வீட்டுப் பரண்களிலிருந்து இப்போது வெளிவரும் இந்தச் சுருள்களில் போர் குறைவு, வாழ்க்கை அதிகம். துணி காயப்போடுவது, படகில் வளர்த்த நாய், தூங்குபவனின் வாயில் புல் வைத்து விளையாடுவது, மழை, மழை, மழை. ராணுவச் சுருள் சொல்லாமல் விட்ட காத்திருப்பு இங்கேதான் இருக்கிறது.

1969 ஆகஸ்டில் நடமாடும் ஆற்றுப் படை கலைக்கப்பட்டது. 1970 முடிவதற்குள் ரோந்துப் படகுகளும் தென்வியட்நாம் கடற்படைக்குக் கைமாறிவிட்டன. அந்த ஒப்படைப்பு விழாக்களைச் சலிக்காமல் படம் எடுத்திருக்கிறார்கள்: வெள்ளைச் சீருடை, கொடி இறங்குகிறது, வேறு கொடி ஏறுகிறது, கைகுலுக்கல். அதற்குப் பிறகு அமெரிக்க ராணுவத்தின் ஆற்றுச் சுருள்கள் வேகமாகக் குறைந்துவிடுகின்றன. ஆனால் அதே ஆறுகளில் அதே படகுகளில் வியட்நாமியர்கள் இன்னும் நாலைந்து ஆண்டுகள் சண்டையிட்டார்கள், செத்தார்கள்.

1975 ஏப்ரல் 29 என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது சைகோனில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் நிற்கும் ஹெலிகாப்டரும் அதை நோக்கி ஏணியில் ஏறும் வரிசையும். ஒரு புகைப்படக்காரர் எதிரே இருந்ததால் அது மிஞ்சியது. அதே நாளில் கழிமுகத்தின் பெரிய நகரமான கான் தோவிலிருந்து அமெரிக்கத் துணைத்தூதர் டெரி மக்னமாரா, சில அமெரிக்கர்களையும் சுமார் முந்நூறு வியட்நாமியர்களையும் ஏற்றிக்கொண்டு மீகாங்கின் கிளையான பசாக் ஆற்றில் கடலை நோக்கிக் கிளம்பினார். அவர்கள் போனது தரையிறங்கு படகுகளில். காலாட்படையைச் சுமந்த அந்த டாங்கோ படகுகளை எந்த வகைப் படகிலிருந்து மாற்றிச் செய்தார்களோ, அதே வகைப் படகுகள்.